சாவடி முதல் சுங்கச்சாவடி வரை: திருமழிசை நெடுஞ்சாலை கடந்து வந்த பாதை



திருமழிசை என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழிலக்கியம் கற்றோர்க்குத் திருமழிசையாழ்வார் நினைவுக்கு வருவார். சரக்குந்து ஓட்டும் அன்பர்களுக்கோ, சாலை இரண்டாகப் பிரியும் இடம் நினைவுக்கு வரும். பூந்தமல்லியைக் கடந்து, நசரத்பேட்டை வழியாக மேற்கே வருவோர்க்கு இங்குதான் பாதை பிரிகிறது. ஒன்று திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம், வாலாஜாப்பேட்டை, வேலூர் என்று பெங்களூரு நோக்கிச் செல்கின்றது. மற்றொன்று வெள்ளவேடு, நேமம் வழியாகத் திருவள்ளூரை நோக்கிச் செல்கின்றது. ஊருக்கு வாழ்வளித்தது இந்தப் பிரிவுதான். இன்று ஊரை நெருக்குவதும் இதுவே. நம் பகுதி மக்களின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்த இச்சாலையின் வரலாற்றை, நம் இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ளும் வகையில் இம்மலரில் தொகுத்துத் தர விழைகின்றோம்.

பழைய பெருவழி

சென்னை என்றொரு நகரம் உருவாவதற்கு முன்பே பூந்தமல்லி ஓர் அதிகாரத் தலமாக விளங்கியது. 1639ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் பெற்றபோது, அதனை வழங்கிய தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் உடன்பிறந்தவரான ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியிலிருந்தே ஆட்சி செலுத்தி வந்தார். கோட்டைக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஆளும் பேரும் போய் வந்த தடமே பின்னாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆயிற்று எனலாம்.

சில ஆண்டுகளில் இப்பகுதி கோல்கொண்டா சுல்தானகத்தின் கீழ் வந்தது. அப்துல்லாஹ் குதுப் ஷாஹ் அவர்களின் திவானாகிய மீர் ஜும்லாவின் பணியாளர் ருஸ்தம் என்பவர் 1653இல் பூந்தமல்லியில் கட்டிய பள்ளிவாசல், இவ்வட்டாரத்து முஸ்லிம்களின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றது. கோல்கொண்டாவிலிருந்து கடற்கரை வரை நீண்ட ஆட்சியில், படையும் வணிகமும் வரித்தண்டலும் நடந்தேறியது இத்தகைய பெருவழிகளின் வழியாகத்தான். ஆகவே இச்சாலையின் ஓரத்தில் நம்மவர் குடியேறியது நேற்றைக்கு அன்று.

இவ்வழியில் உள்ள ஊர்ப்பெயர்களை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பயணம் செய்தோர்க்கு நிழலும் நீரும் கிடைத்த இடங்கள் அவை. அடுத்தடுத்து மூன்று சாவடிகள் இருந்தன என்றால், அக்காலத்துப் பயணத்தின் வேகம் எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இதே சொல் இன்றும் இச்சாலையில் வழங்கத்தான் செய்கிறது, சுங்கச்சாவடி என்று. இளைப்பாற இடம் கொடுத்த சொல், பணம் கட்டாமல் நகரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்குப் பெயராகிவிட்டது!

ஆங்கிலேயர் காலத்தில் இது மேற்குப் பெருஞ்சாலையாகப் பராமரிக்கப்பட்டது. பூந்தமல்லியில் அவர்களுடைய படைவீரர் தங்குமிடம் இருந்தது. இன்றும் ஊருக்குள் செல்லும் பழைய வழியை மூத்தோர் "டிரங்க் ரோடு" என்றே அழைக்கின்றனர். நகரத்துக்குள் இருக்கும் பகுதிக்கு 1979இல் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயரிடப்பட்டது. ஆயினும் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்ற பெயர் மக்கள் நாவிலிருந்து மறையவில்லை.

ரயில் போன வழி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. போய்ச் சேர்ந்த திசை நம் சாலை சென்ற அதே திசைதான். ஆனால் இருப்புப்பாதை பூந்தமல்லி வழியாகப் போடப்படவில்லை. வடக்கே விலகி ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று சென்றது. பூந்தமல்லியும் திருமழிசையும் ரயிலில்லாத ஊர்களாகவே நின்றுவிட்டன.

இதன் விளைவு நூறாண்டு கழித்துத் தெளிவாகத் தெரிந்தது. நாடு விடுதலை பெற்றபின் அரசின் பெரிய தொழிற்சாலைகள் ரயில் ஓடும் பாதையை ஒட்டியே எழுந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் தோன்றின. பஞ்சாலையும் இயந்திரச் சாலையும் தேடி நம் பகுதி இளைஞர்கள் வடக்கே சென்றார்கள். நம் பக்கமோ ஏரிப்பாசனமும் வயலும் செங்கல் சூளையும் சிறு கடைகளுமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. பேருந்து ஒன்றே துணை. பாரிமுனையிலிருந்து பூந்தமல்லிக்கு வரும் 53ஆம் எண் பேருந்தில் ஏறி, தொங்கிக்கொண்டே பயணித்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது.

பிற்காலத்தில் திருமழிசையில் சிட்கோ தொழிற்பேட்டை வந்தது. அதன் பின் ஊரின் நிலை மாறியது. அதைவிடப் பெரிய மாற்றம் மேற்கிலிருந்து வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியை 1998இல் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் தொடங்கி 2014 வரை இயங்கியது. அவற்றைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்கள் பெருகின. உற்பத்தியான பொருள் துறைமுகத்துக்குப் போக வேண்டும். போகும் வழி இது. ஒரு காலத்தில் வைக்கோல் வண்டிக்கு ஒதுங்கிய சாலை, கொள்கலன் ஏற்றிய நீண்ட லாரிகளுக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று.

நான்கு வழி, ஆறு வழி

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்துக்கு 1999 ஜனவரியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அடிக்கல் நாட்டினார். மொத்த நீளம் 5,846 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் கை நம் ஊர் வழியாகவே சென்றது. அப்போது அதன் எண் தேசிய நெடுஞ்சாலை 4. எண்கள் 2010இல் மாற்றி அமைக்கப்பட்டபோது அது 48 ஆயிற்று.

நான்கு வழிச்சாலை என்பது வெறும் அகலமான சாலை அன்று; அதன் இயல்பே வேறு. இதனை விளக்கிச் சொல்வது அவசியம் என்று கருதுகின்றோம்.

பழைய சாலையில் இருபுறமும் ஒரே ஊர். இப்புறத்துத் தேநீர்க் கடைக்காரரும் அப்புறத்து மிதிவண்டிக் கடைக்காரரும் குரல் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள். நடுவே தடுப்புச் சுவர் வந்தபின் இப்புறம் வேறு, அப்புறம் வேறு. எதிரே தெரியும் கடைக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் திரும்பும் இடம் வரை சென்று சுற்றி வர வேண்டும். நடந்து செல்வோர் என்ன செய்வர்? தடுப்பைத் தாண்டுவர். அல்லது இரு சக்கர வாகனத்தில் எதிர்த்திசையில் வருவர். பத்திரிகையில் "விதிமீறல்" என்று செய்தி வரும். மீறியவர் காய்கறி வாங்கப் போனவராகவும் பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் இருப்பார். ஊரைப் பிளந்த பின்னர் ஊர்க்காரரைக் குறை சொல்வது எளிது.

சாலைக்கு ஒருபுறம் பள்ளிவாசலும் மறுபுறம் மையவாடியும் அமைந்த ஊர்கள் தமிழகமெங்கும் உண்டு. அவ்வூர்களில் ஜனாஸாவைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலையைக் கடக்கும் போது, முன்னால் இருவர் ஓடிச் சென்று கையசைத்து வண்டிகளை நிறுத்த வேண்டியுள்ளது. பெரும்பாலான ஓட்டுநர்கள் நிறுத்தி மரியாதை செய்கின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சரக்கு லாரி, ஓட்டுநர் விரும்பினாலும் உடனே நிற்காது. அதனால்தான் வேகம் கூடும்தோறும் கீழ்வழிப் பாதைகளும் நடைமேம்பாலங்களும் சாலையோடு சேர்த்தே கட்டப்பட வேண்டும் என்கிறோம். சாலை முதலில், சுரங்கப்பாதை பிறகு என்றால், இடைப்பட்ட ஆண்டுகளின் கணக்கை மருத்துவமனைகளும் மையவாடிகளும் சுடுகாடுகளும்தான் வைத்திருக்கும்.

மற்றொன்று தண்ணீர். நம் பகுதி ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதனைச் சுற்றிலும் சிற்றேரிகளும் கால்வாய்களும் கலங்கல்களும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. விரைவுச் சாலையோ தரைமட்டத்தில் போவதில்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மீது போடப்படுகிறது. பல கிலோமீட்டர் நீளமுள்ள மேடு என்பது ஒரு கரை. அதனடியில் போதிய மதகுகள் இல்லையேல் மழைநீர் ஒருபுறம் தேங்கிவிடும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி மக்கள், வெளிவட்டச் சாலையின் மேடு நீரோட்டத்தைத் தடுத்தது என்று முறையிட்டனர். அடையாற்றின் வெள்ளத்துக்குக் காரணங்கள் பல என்பது உண்மையே. எனினும் பழைய பொறியாளர்கள் ஏரி வெட்டியபோது நீர் போகும் வழியைப் பார்த்த பிறகே கரை போட்டார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இரு வளையங்கள்

பெங்களூரு நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இரு பெரும் சாலைகள் நம் கண்முன் உருவானவை. முதலாவது, பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் வரை செல்லும் சென்னைப் புறவழிச்சாலை. 32 கிலோமீட்டர் நீளமுடைய இது இரு கட்டங்களாகக் கட்டப்பட்டது. மதுரவாயலில் இலைவடிவில் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சந்திப்பை முதன்முறை கடப்போர் இன்றும் ஒருமுறையேனும் தவறான வளைவில் இறங்காமல் இருப்பதில்லை.

இரண்டாவது, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் செல்லும் வெளிவட்டச் சாலை. ஆறு வழி மையச் சாலையும் இருமருங்கும் இணைப்புச் சாலைகளும் கொண்டது. 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுக்கப்பட்டது. வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரையிலான முதற்கட்டம் 2014இலும், மீஞ்சூர் வரையிலான இரண்டாம் கட்டம் 2021இலும் திறக்கப்பட்டன. நசரத்பேட்டையில் இது நம் நெடுஞ்சாலையைச் சந்திக்கின்றது. இதனால் திருமழிசை மக்கள் நகருக்குள் நுழையாமலே தாம்பரம் பக்கம் அரை மணிப் பொழுதில் போய்ச் சேர முடிகிறது. முன்பு பாதி நாள் ஆகும் பயணம் இது. நன்மையை நன்மை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதே வேளையில் அச்சாலையில் இரவில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களும், விளக்கின்றி ஓரத்தில் நிறுத்தப்படும் லாரிகளில் மோதி இறக்கும் இளைஞர்களும் நம் பகுதிக்குப் புதிய துயரங்கள். பெற்றோர் வாகனச் சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் சிந்திக்க வேண்டும்.

கூவத்தின் மேல் தூண்கள்

மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை அமைக்கும் திட்டத்துக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர் தூரம்; மதிப்பீடு 1,815 கோடி ரூபாய். கூவம் ஆற்றின் வழியே தூண்கள் எழும்பத் தொடங்கின. தூண்கள் ஆற்றின் போக்கைத் தடுக்கும் என்று கூறி 2012 மார்ச்சில் மாநிலப் பொதுப்பணித் துறை பணியை நிறுத்தியது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. வழக்குகள் தொடர்ந்தன, பணி தொடரவில்லை. மேல்தளமில்லாத தூண்கள் கூவத்தில் ஆண்டுக்கணக்கில் தனியே நின்றன.

பின்னர் திட்டம் மாற்றி வரையப்பட்டது. 2022 மே மாதம் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய புதிய திட்டம் ஈரடுக்குச் சாலை. மேலடுக்கில் துறைமுகத்துச் சரக்கு வண்டிகள் மதுரவாயல் வரை நேரே ஓடும். கீழடுக்கு நகர வாகனங்களுக்கு. நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மதிப்பீடு 5,800 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. பதின்மூன்று ஆண்டுக் காலதாமதத்தின் விலை மூன்று மடங்கு. இரு அரசுகளின் பிணக்கில் இழந்தது பொதுமக்கள் பணம் என்பதில் ஐயமில்லை. துறைமுகத்து லாரிகள் பகலில் நகருக்குள் நுழையத் தடை உள்ளதால், மாலை வரை மதுரவாயல் முதல் நம் ஊர் வரை ஓரமாக வரிசை கட்டி நிற்பதை நாம் அறிவோம். அந்த ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையோ குடிநீரோ இல்லை. பழைய சாவடிகள் இருந்த வழி இது!

இவ்விடத்தில் வெளியுலகைச் சற்றுப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1948 முதல் கட்டப்பட்ட கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலை, நெருக்கமான குடியிருப்புகளின் நடுவே வெட்டிச் சென்றது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரம் மிக்க அலுவலர் அதனை முன்னின்று நடத்தினார். ஈஸ்ட் டிரெமான்ட் என்ற பகுதியில் ஒரே ஒரு மைல் நீளத்துக்காக 54 அடுக்குக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு 1,530 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சற்றே விலகி, பூங்கா ஓரமாகச் சாலையைக் கொண்டு சென்றால் பெரும்பாலான வீடுகள் தப்பும் என்று குடியிருந்தோர் மாற்று வழி வரைந்து காட்டினர். ஏற்கப்படவில்லை. வெளியேறியவர்கள் மட்டுமன்றி, சாலையின் இரைச்சலுக்கும் புகைக்கும் அருகே எஞ்சியவர்களும் மெல்ல மெல்ல அப்பகுதியை விட்டகன்றனர். ஒரு வாழும் வட்டாரம் சீரழிந்தது. ராபர்ட் காரோ என்ற எழுத்தாளர் 1974இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

தென் கொரியத் தலைநகர் சோலில் நடந்தது இதற்கு நேர்மாறு. சோங்கேச்சான் என்ற ஓடையை மூடி அதன்மேல் பறக்கும் சாலை கட்டியிருந்தனர். 2003இல் அச்சாலையை இடிக்கத் தொடங்கி, 2005இல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை மீட்டெடுத்தனர். நாம் கூவத்தின்மேல் சாலை கட்டத் திட்டமிட்ட அதே பத்தாண்டில் அவர்கள் ஓடையின்மேல் இருந்த சாலையை அகற்றினர்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு மும்பையில் உள்ளது. ஜே.ஜே. மேம்பாலம் 2002இல் திறக்கப்பட்டது. முஹம்மது அலி சாலையின் மேலேயே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக வளைந்து செல்லும் அந்தப் பாலத்தில் ஓட்டிச் செல்வோர்க்கு மினாரா மஸ்ஜிதின் உயரமும் பழைய வீடுகளின் மாடி முகப்புகளும் கண்ணுக்கு நேரே தெரியும். தெற்கு மும்பைக்கு விரைந்து செல்வோர்க்கு அது பெரும் வரம். ஆனால் இரண்டாம் மாடியில் குடியிருப்பவரின் சன்னலுக்கு வெளியே கை நீட்டும் தூரத்தில் இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்றன. பாலத்தின் கீழே ரமலான் இரவுச் சந்தை முன்போலவே களைகட்டுகிறது; மேலே போகிறவர்கள் இறங்குவதில்லை. பறக்கும் சாலை கட்டடங்களை இடிக்காமலே ஒரு தெருவைப் பயணிகளின் பார்வையிலிருந்து அகற்றிவிடும் என்பதற்கு அத்தெருவே சான்று. இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு விதித்துள்ளன. சன்னலருகே பறக்கும் சாலை செல்லும் எந்த வீட்டில் அந்த வரம்பு நிற்கும்?

நகரத்திலிருந்து வந்தவர்கள்

சாலையின் தாக்கத்தைப் பேசும்போது, சாலையோரத்தில் இருந்தவரை மட்டும் பேசினால் போதாது. கூவம் சீரமைப்புத் திட்டத்தில், கரையோரம் வாழ்ந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இடம் மாற்றத் திட்டமிடப்பட்டது. பெரும்பாலானோர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பகுதியினர் நம் அண்டை ஊரான கூடப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் குடிவந்தனர். நகரின் நடுவே வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் சுமை தூக்கவும் நடந்தே சென்று வந்தவர்கள், இங்கிருந்து நாள்தோறும் பேருந்து ஏறிப் பழைய இடத்துக்கே வேலைக்குப் போக வேண்டிய நிலை. கூலியில் ஒரு பங்கு பயணச்சீட்டுக்கே போயிற்று. கல்வியாண்டின் நடுவே பள்ளி மாறிய பிள்ளைகளும் உண்டு. அவர்கள் நம் பகுதிக்குப் புதியவர்கள். நாம் அவர்களுக்கு அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நம் மார்க்கம் சொல்வதை இங்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

2020ஆம் ஆண்டு மற்றொரு வரவு. கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியதால் அது மே மாதம் மூடப்பட்டது. 1996 முதல் மாநகருக்கே காய்கறி வழங்கி வந்த அச்சந்தையின் காய்கறி மொத்த வணிகம், துணைக்கோள் நகரத்துக்கென ஒதுக்கப்பட்ட திருமழிசை நிலத்துக்கு மாற்றப்பட்டது. அந்நிலத்தில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. இரவெல்லாம் லாரிகள். மழை பெய்தால் முழங்காலளவு சேறு, சேற்றில் கொட்டிய தக்காளி. நாசிக் வெங்காயமும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் நம் ஊர் எல்லையில் இறங்கி, இங்கிருந்து சென்னை முழுமைக்கும் சென்றன. செப்டம்பர் இறுதியில் சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டது. நான்கரை மாதம் ஒரு மாநகரம் பசியாறியது இந்தச் சாலைப் பிரிவின் தயவில். அதற்காக ஒரு கல்வெட்டுக்கூட வைக்கப்படவில்லை என்பது வேறு செய்தி.

கட்டணமும் குழியும்

சாலை நன்றாக இருந்தால் கட்டணம் கொடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. மதுரவாயல் முதல் வாலாஜாப்பேட்டை வரையிலான பகுதி பல ஆண்டுகள் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஆறுவழியாக்கும் பணி தொடங்கி நின்றுபோன இடங்களில் மாற்றுப்பாதைகளே நிரந்தரப் பாதைகளாகிவிட்டன. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சாலையின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்து, சாலை சீரமைக்கப்படும் வரை இப்பகுதியின் இரு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. சாமானியர் பல காலம் தேநீர்க் கடையில் சொல்லி வந்த நியாயம் நீதிமன்ற ஆணையாக வெளிவந்த நாள் அது.

2008ஆம் ஆண்டின் கட்டண விதிகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி அமைக்கலாகாது; ஒரே சாலையில் இரு சாவடிகளுக்கு இடையே 60 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. அவ்விதிவிலக்குகளின் வழியேதான் வானகரமும் சூரப்பட்டும் நகரின் வயிற்றுக்குள்ளேயே அமைந்தன. அவற்றோடு பரனூர், நெமிலி, சென்னசமுத்திரம் ஆகியவற்றையும் அகற்றுமாறு தமிழக அரசு 2021இல் ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்போர், சொந்த உபயோக வண்டிக்கு மாதச் சலுகைச் சீட்டுப் பெறலாம் என்பதும் அதே விதிகளில் உள்ளது. நம்மில் பலர் இதனைப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

நிலம் கேட்டு அறிவிப்பு வந்தால்

இனிவரும் சாலைகளும் நம் பக்கமே வருகின்றன. திருப்பெரும்புதூரிலிருந்து ஹோஸ்கோட்டை வரை 262 கிலோமீட்டர் பெங்களூரு விரைவுச்சாலை. எண்ணூரிலிருந்து திருவள்ளூர், திருப்பெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை 132 கிலோமீட்டர் எல்லைச் சாலை. மதுரவாயலிலிருந்து திருப்பெரும்புதூர் வரை உயர்மட்டச் சாலைக்கான முன்மொழிவு. குத்தம்பாக்கத்தில் புறநகர்ப் பேருந்து முனையம். பூந்தமல்லி வரை மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. ஆகவே நிலம் வைத்திருப்போரும் ஜமாஅத்தின் சொத்துகளைக் கவனிக்கும் பொறுப்பிலுள்ளோரும் சட்டத்தின் சில கூறுகளை அறிந்து வைத்திருத்தல் நலம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டின் சட்டப்படி நடக்கிறது. முதலில் 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வரும். அதன் சாரம் இரு நாளிதழ்களில் வெளியாக வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க அரசிதழ் வெளியான நாளிலிருந்து 21 நாட்கள் மட்டுமே. வக்ஃபு நிலமாயினும் தனியார் நிலமாயினும் இக்கெடு ஒன்றே. அறிவிப்பில் ஊர்ப்பெயர் பழைய வருவாய்க் கிராமப் பெயராகவும், நிலம் புல எண்ணாலும் குறிக்கப்பட்டிருக்கும். நகர்ப்பெயரையும் கதவிலக்கத்தையும் தேடினால் கிடைக்காது. பலர் 21 நாளைத் தவறவிடுவது இதனால்தான். அடுத்து 3டி பிரிவின் கீழ் அறிவிப்பு வெளியானதும் நிலம் ஒன்றிய அரசைச் சேர்ந்துவிடும். ஓராண்டுக்குள் அந்த இரண்டாம் அறிவிப்பு வரவில்லையேல் முதல் அறிவிப்பு செல்லாததாகும். இழப்பீட்டுத் தொகை போதாது என்று கருதினால் நடுவரிடம் முறையிடலாம்.

1997 முதல் 2014 முடிய இச்சட்டப்படி நிலம் கொடுத்தவர்களுக்கு, மற்றச் சட்டங்களின்படி கிடைக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் மறுக்கப்பட்டிருந்தன. 2013ஆம் ஆண்டின் நியாயமான இழப்பீட்டுச் சட்டத்தின் பயன்கள் 2015 ஜனவரி 1 முதலே நெடுஞ்சாலை நிலங்களுக்கு வந்தன. இடைப்பட்டவர்களுக்கு இழைக்கப்பட்ட வேறுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்கில் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை முன்தேதியிலிருந்து பொருத்தக் கூடாது என்ற நெடுஞ்சாலை ஆணையத்தின் வேண்டுகோளையும் 2025 பிப்ரவரியில் நிராகரித்தது. நான்குவழிச் சாலைக்காக அக்காலத்தில் நிலம் கொடுத்த குடும்பங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அவர்களிடம் இழப்பீட்டுத் தீர்வாணையின் நகல் இருக்குமானால் எடுத்து வைத்துக்கொண்டு, விவரம் அறிந்த வழக்குரைஞர் ஒருவரிடம் காண்பித்தல் நன்று. நகல் தொலைந்திருப்பின், நிலத்தை எடுத்த வருவாய் அலுவலரின் அலுவலகத்தில் புல எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால் பெறலாம்.